பனியில் படுத்த கரடி

காலை பத்து மணி இருக்கும். கடையில் வீடியோ டெக்கின் மூடியைக் கழற்றி வைத்து ஹெட் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிட் வாசனையும், பக்கத்துக் கடை அடுப்பில் சுண்டுகிற பால் வாசனையும் கலந்து மூக்கில் ஏறிக்கொண்டிருந்தன. திடீரென்று வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஓர் ஆள். தலைமுடியில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு, காது மடலில்கூடப் பஞ்சு. ராஜபாளையத்து மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற ஆட்களை அந்தக் கோலத்தில் தினமும் பார்க்கலாம். ஆனால் அவர்கள் இந்நேரம் வீட்டில் கட்டையைச் சாய்த்திருப்பார்கள்.

"நர்சரியில கரடிப் படம் போட்டது நீங்கதானா தம்பி?"

"ஆமாண்ணே. கேசட் வேணுமா?"

"கேசட் வேணாம். நான் தூங்கணும்."

எனக்கு விளங்கவில்லை. குடித்திருக்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. கண் இரண்டும் செங்கல் நிறத்தில் இருந்தன. கடைப் படியில் உட்கார்ந்து, "ஒம்போது நாளாச்சு தம்பி, நான் ஒழுங்கா..." என்று தொடங்கியவர், அந்த வாக்கியத்தை முடிக்காமலே தலையைத் தொங்கப் போட்டார். தூங்கிவிட்டார். அடுத்த நொடியே யாரோ கிள்ளியது போல் விழித்து, சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கிக் காட்டினார். நடுவிரலில் கட்டு.

"நேத்து மிசின்ல நின்னுக்கிட்டே அசந்துட்டேன். நகத்தோட போச்சு. கட்டியிருக்கது எம் பொண்டாட்டி வேலை பாக்குற தறியில நெய்த துணி. இன்னொரு தடவை தூங்கி விழுந்தா வர வேண்டாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. நான் பெர்மனென்ட் இல்ல தம்பி, பதிலி ஆளு. வேலை போனாக்கூட வேற பாக்கலாம். கை போச்சுன்னா?"

அவர் பெயர் குருசாமி. அவருடைய ஐந்து வயது மகள் பேச்சி. அவர் தூங்காததற்கும் நான் போட்ட படத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்வதற்கு முன்னால், நான் எப்படி அந்தக் கடைக்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தலையும் வாலும்

சென்ற வாரம், எஸ்டேட்டில் அட்டைக் கடியும் காய்ச்சலும் தாங்காமல் மலையிறங்கியதை எழுதியிருந்தேன். அதன் பிறகு ஒரு வருஷம் லாரியில் கிளீனர். பிறகு கூமாப்பட்டியில் தேங்காய் உரித்தேன். மகாராஜபுரத்தில் ஒருவர் தோப்பில் காவல் இருந்தேன். எந்த இடத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் கால் நிற்கவில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு யாரும் நாற்காலி போட்டு வேலை கொடுப்பதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சிக்கந்தர் அண்ணன் வீடியோ லைப்ரரி வைத்திருந்தார். டிவியும் டெக்கும் வாடகைக்கு. காதுகுத்து, சடங்கு, புதுமனை என்று எங்கே கூட்டம் கூடினாலும் கூப்பிடுவார்கள். தள்ளுவண்டியில் மெத்தை விரித்து, டிவியைக் குழந்தை போலப் படுக்க வைத்துக் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். லாரியில் கண்ணாடிச் சரக்கு ஏற்றிய அனுபவம் உண்டு என்று சொன்னேன். சேர்த்துக்கொண்டார்.

அண்ணன் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், கேசட் சோதிப்பது. வெளியே போகிற ஒவ்வொரு கேசட்டையும் முதல் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கடைசிவரை சுற்றவிட்டு, கடைசிப் பத்து நிமிஷம் பார்க்க வேண்டும். பூஞ்சை பிடித்திருந்தால் ஆரம்பத்திலேயே புள்ளி விழும். கசங்கியிருந்தால் பெரும்பாலும் முடிகிற இடத்தில்தான் கசங்கியிருக்கும்.

"தலையும் வாலும் பாத்தாப் போதும்லே முத்தையா. மீனு வாங்குற மாதிரிதான். நடுத்துண்டைப் பிளந்து பாத்தா மீன்காரி வெளக்கமாத்தை எடுத்துருவா" என்பார்.

அப்படித்தான் நூற்றுக்கணக்கான படங்களுக்குத் தலையும் வாலும் தெரிந்தவனாக ஆனேன். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் எப்படி நின்றது, வில்லன் எப்படித் திருந்தினான், ஒன்றும் தெரியாது. அது ஒரு குறையாகவும் தோன்றியதில்லை.

டீச்சரம்மாவின் மூன்று தடை

ஞானம்மா டீச்சர் ஒரு வாடகை வீட்டில் நர்சரி நடத்தினார். நாற்பது பிள்ளைகள். சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் வர வேண்டுமே என்பதற்காகப் படம் போட நினைத்தார். முதலில் ஒரு சண்டைப் படத்தைக் கொண்டுபோய்ப் போட்டேன். திங்கட்கிழமை ஒரு தகப்பன் வந்து சத்தம் போட்டாராம். "பொம்மைப் படம் கொண்டாங்க தம்பி, அதுதான் பிள்ளைகளுக்கு" என்றார் டீச்சர்.

அப்போது கார்ட்டூன் என்ற சொல் எங்கள் பக்கம் அவ்வளவாகப் புழங்கவில்லை. பொம்மைப் படம்தான். பொம்மை என்றால் குழந்தைக்கு. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் தோன்றியது, டீச்சருக்கும் அப்படித்தான் தோன்றியது.

அண்ணனின் மச்சான் வளைகுடாவில் இருந்தார். அங்கே டிவியில் ஓடியதைப் பதிவு செய்து, ஒரு அட்டைப் பெட்டி நிறையக் கேசட் அனுப்பியிருந்தார். எல்லாம் பொம்மைப் படம். பேச்சு அரபியில். உருவங்களின் கண் மட்டும் தாம்பாளம் மாதிரி அகலம். கண்ணுக்குள் வெளிச்சம் தளும்பும்.

மேலே ஒட்டியிருந்ததை யாரும் வாசிக்க முடியவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"எழுத்து அரபுதான். ஆனா பேரு என்னமோ ஜப்பான்காரன் பேரு மாதிரி இருக்கு. எனக்கு ஓதத் தெரியும், கிதாபு சொல்லத் தெரியும். கரடி பேசுற அரபு எனக்குத் தெரியாதுப்பா."

ஜப்பான்காரன் வரைந்து, அரபுக்காரன் பேசி, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் விளக்கம் சொன்னேன். டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிரம்போடு நின்றுகொண்டு, "இவன் நல்லவன், இவன் களவாணிப் பய, இப்பப் பாரு ஓடப்போறான்" என்று சொல்வேன். பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கும். நானாக இட்டுக் கட்டியதுதான் பாதி. எனக்கும் அது பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நாற்பது பேர் நான் சொல்வதைக் கேட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை இரும்பு மனிதர்கள் அடித்துக்கொள்கிற படம். அடுத்த வாரம் முழுவதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டார்கள். இன்னொரு வாரம் ஒரு பேய் வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள் பாயிலேயே ஒன்றுக்குப் போய்விட்டன. மூன்றாவது வாரம், நல்ல அழகான இளவரசி படம் என்று போட்டேன். முத்தம் கொடுத்துவிட்டாள். டீச்சர் எழுந்து வந்து முந்தானையால் டிவியை மறைத்தார்.

"தம்பி, அடிதடி இருக்கக் கூடாது. பேய் இருக்கக் கூடாது. முத்தம் இருக்கக் கூடாது. இந்த மூணும் இல்லாததாப் பாத்து எடுத்துட்டு வாங்க. இல்லைனா படமே வேண்டாம்."

பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு நாள் தேடினேன். கரடிப் படம் கிடைத்தது. தலையில், ஒரு குட்டிக் கரடி பூவுக்குள் உருண்டு விளையாடுகிறது. அப்பா கரடி அதை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது. பாட்டு. வாலில், குட்டி வளர்ந்து மற்றக் கரடிகளோடு ஓடுகிறது. மறுபடி பூ. மறுபடி பாட்டு. அடிதடி இல்லை, பேய் இல்லை, முத்தம் இல்லை. இதைவிட நல்ல படம் உலகத்தில் கிடையாது என்று நினைத்தேன்.

நான் சொன்ன கதை

அந்தச் சனிக்கிழமை நர்சரியில் அதைப் போட்டேன். பாதிப் படத்தில் எங்கோ ஒரு துப்பாக்கிச் சத்தம். யார் சுட்டார்கள் என்றுகூடக் காட்டவில்லை. அப்பா கரடி குட்டியைக் கூட்டிக்கொண்டு பனியில் நடக்கிறது. நடந்து, நடந்து, ஒரு மரத்தடியில் படுக்கிறது. குட்டி மூக்கால் முட்டுகிறது. காதைக் கடித்து இழுக்கிறது. அப்பா அசையவில்லை. பனி கொட்டுகிறது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. பனி அப்பா மேல் விழுந்து மூடிக்கொண்டே போகிறது.

நாற்பது பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். டீச்சர் உள்ளே பால்பவுடர் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா தூங்குது" என்றேன். "ரொம்ப தூரம் நடந்துச்சுல்ல, அலுப்பு. நல்லா தூங்குது."

சொன்னதும் பிள்ளைகள் சமாதானமாகிவிட்டார்கள். குட்டி தனியாக நடக்கத் தொடங்கியது. "அது விளையாடப் போகுது" என்றேன். படம் முடிந்தது. கைதட்டினார்கள். நல்லபடியாகச் சமாளித்துவிட்டோம் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பேச்சியை அன்று நான் கவனிக்கவே இல்லை.

இமையைத் திறக்கிற பிள்ளை

படியில் உட்கார்ந்தபடி குருசாமி சொன்னது இது.

அவர் இரவு மில்லுக்குப் போய், காலை பஸ்ஸில் எட்டரைக்கு வீடு வருவார். மனைவி வேலம்மா அதற்குள் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்குப் போயிருப்பாள். பேச்சி நர்சரிக்குப் போய்விட்டால் வீடு அமைதி. படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுவார். இப்படித்தான் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது.

கரடிப் படம் பார்த்த மறுவாரத்திலிருந்து பேச்சி நர்சரிக்குப் போக மறுத்துவிட்டாள். "நான் போயிட்டா அப்பாவ யாரு பாக்குறது?" என்று கேட்டாளாம். அவர் படுத்தவுடன் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வாள். சிறிது நேரம் போனதும் இரண்டு விரலால் அவர் இமையைப் பிரித்துப் பார்ப்பாள். அவர் விழிக்கவில்லை என்றால் காதைப் பிடித்து இழுப்பாள். அதற்கும் எழவில்லை என்றால் டம்ளரில் இருந்து தண்ணீர்.

"வெளிய விட்டுக் கதவைச் சாத்துனேன் தம்பி. கதவுல மண்டைய முட்டி அழுது, லைன் வீடு பூராம் கூடிருச்சு. அடிக்கக் கை வரல. என்ன தப்பு செஞ்சிச்சு, அடிக்கதுக்கு? அது அசந்த பொறவு, மில்லு பஸ்ஸு பிடிக்கதுக்கு முன்னால, ஒரு மணி நேரம் கண்ணை மூடுதேன். அம்புட்டுத்தான்."

கடையைப் பூட்டிவிட்டு அவரோடு போனேன். பேச்சி வாசலில் நின்றிருந்தாள். அப்பா திரும்பி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு.

"பேச்சி, அந்தக் கரடி பொறவு எந்திரிச்சிருச்சு. ஒனக்குத் தெரியாதா?" என்றேன்.

"பொய்யி" என்றாள். "எந்திரிக்கல. நான் கடைசி வரைக்கும் பாத்தேன். குட்டி மட்டும்தான் வந்துச்சு."

"அது... அப்பா வீட்டுல இருந்துச்சு."

"பனி மூடிருச்சு. குட்டி எழுப்பாம விளையாடப் போயிருச்சு. அதான் மூடிருச்சு."

நான் சொன்ன கதையைத்தான் எனக்கே திருப்பிச் சொன்னாள். தூங்குகிற அப்பாவை விட்டுவிட்டு ஒரு பிள்ளை விளையாடப் போனது, அதனால் அப்பா வரவே இல்லை. படத்தில் அப்படி இல்லை. என் வாயில்தான் அப்படி இருந்தது.

ஆளுக்கொரு பேச்சு

அன்று மத்தியானம் சிக்கந்தர் அண்ணனிடம் கேட்டேன்.

"பொம்மைதானலே அது! பொம்மைக்கு ஏது சாவு? கேசட்டை நிப்பாட்டுனா கரடியும் இல்ல, பனியும் இல்ல. இம்புட்டுக்கு எதுக்குலே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார். சிறிது நேரம் கழித்து அவரே, "எம் மகளுக்கு அதைப் போட்டுக் காட்டிராத" என்றார்.

டீச்சரிடம் போனேன். முழுதும் கேட்டுவிட்டு, "செத்துப் போச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க தம்பி. அஞ்சு வயசுப் பிள்ளைக்குச் சாவுன்னா என்னன்னு சொல்லுவீங்க? சாமிகிட்டப் போயிருச்சுன்னு சொல்லுங்க" என்றார். அவரே யோசித்து, "அப்படிச் சொன்னா, எப்பத் திரும்பி வரும்னு கேப்பா" என்றார். கடைசியில், "எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு சிலேட்டுகளை அடுக்கத் தொடங்கினார். மூன்று தடை போட்டவருக்கு நான்காவது எது என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நானே என்னிடம் கேட்டுப் பார்த்தேன். என் அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. தென்காசிக்கு மாடு வாங்கப் போயிருக்கிறார் என்று சொன்னார்கள். மாட்டோடு வருவார் என்று நானும் கொஞ்ச நாள் ரோட்டைப் பார்த்தேன். பிறகு எப்போது, யார் சொல்லி உண்மையைத் தெரிந்துகொண்டேன் என்பது ஞாபகமே இல்லை. யாரும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீ நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம் என்று பின்னாளில் ஒருவர் சொன்னார். அப்படியெல்லாம் இல்லை. உட்கார்ந்தால் எனக்குக் கால் மரத்துப் போகும், அவ்வளவுதான்.

அதனால் அன்று அவர்கள் பொய் சொன்னது எனக்குக் கெடுதலா நல்லதா என்று என்னை வைத்தும் முடிவு செய்ய முடியவில்லை. இன்றைக்கு என் மருமகள் போனில் படம் தேடும்போது, இது ஏழு வயதுக்கு, இது பதின்மூன்று வயதுக்கு என்று ஓரத்தில் எண் போட்டிருக்கிறது. அந்த எண்ணைப் போட்டவருக்குப் பேச்சியைத் தெரியுமா என்று கேட்கத் தோன்றும். கேட்பதில்லை.

இரண்டாவது முறை

மறுநாள் காலை குருசாமி பஸ்ஸிலிருந்து இறங்கியதும், மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வரச் சொன்னேன். என்ன செய்யப் போகிறேன் என்று அவர் கேட்டார். "தெரியலண்ணே" என்றேன். அது உண்மை.

பேச்சி டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். குருசாமி பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டார். இந்தத் தடவை தலையும் வாலும் வேண்டாம் என்று, நடுவில் இருந்தே ஓட்டினேன். அப்பா கரடி நடந்தது. நடந்து, படுத்தது. குட்டி முட்டியது.

சொல்லிவிடலாமா, சாமி என்று மழுப்பிவிடலாமா என்று அதுவரைக்கும் முடிவு செய்யவில்லை. பேச்சி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு மாமா சொன்னது பொய் பேச்சி" என்றேன். "இது தூங்கல. செத்துப் போச்சு. யாரோ சுட்டுட்டாங்க. குட்டி மேல தப்பே இல்ல. எழுப்பி எழுப்பிப் பாத்துச்சு. செத்துப் போனதுனால எந்திரிக்கல."

அவள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கினாள்.

"தூங்குறதுன்னா?"

"தூங்குறது வேற, இது வேற. தூங்குனா மூச்சு இருக்கும். செத்துப் போனா இருக்காது."

"மூச்சு எங்க இருக்கும்?"

எட்டாம் வகுப்பில் நான் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. "வயித்துல" என்றேன்.

பேச்சி எழுந்தாள். அவள் அப்பா சுவரோரம் சரிந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எப்போது தூங்கினார் என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. இமையைத் திறப்பாளா, காதை இழுப்பாளா? அவள் அவர் பக்கத்தில் குந்தி, சட்டைக்கு மேல் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"ஏறுது" என்றாள். கொஞ்சம் கழித்து, "எறங்குது."

"அதான் மூச்சு."

"மறுபடி ஏறுது."

டிவியில் பனி கொட்டி முடிந்து, குட்டி தனியாக நடந்து போனது. பேச்சி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் சத்தத்தைக் குறைத்தேன். பிறகு படத்தையே நிறுத்தினேன். கேசட் கேட்டு வந்த ஆட்கள் குருசாமியின் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். சிக்கந்தர் அண்ணன் வந்து பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போனார். அவள் எழுப்பவே இல்லை. கை வலித்தால் மறு கையை வைத்தாள்.

மத்தியானம் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. குருசாமியின் கழுத்தில் வியர்வை ஓடியது. அப்போதும் அவர் எழவில்லை. பேச்சி ஒரு கேசட் அட்டையை எடுத்து விசிறினாள்.

வேலம்மா

கரண்ட் போனால் தறியும் நிற்கும். தறி நின்றதால் வேலம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். வீடு பூட்டியிருந்தது. வீடியோ கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள்.

"இங்க என்னடி பண்ணுத?" என்று மகளைக் கேட்டாள்.

"அப்பா சாகலம்மா. பாத்துக்கிட்டு இருக்கேன். கரடிதான் செத்துப் போச்சு. அப்பாவுக்கு மூச்சு இருக்கு. செத்தா வயிறு ஏறாது."

வேலம்மாவின் முகம் போன போக்கை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. குத்துவிளக்கு ஏற்றுகிற வீட்டில் சொல்லக் கூடாத சொல்லை, பிள்ளை மூன்று தடவை சொல்லிவிட்டது. அதுவும் அப்பாவின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு.

"ஏம்ப்பா, ஒனக்குப் பிள்ளைகுட்டி இருக்கா? பச்சப்பிள்ளை வாயில என்ன பேச்சுய்யா பேச வச்சிருக்க? நாளைக்குத் தெருவுல போறவிய வயித்தையெல்லாம் தொட்டுப் பாத்து, செத்துட்டியளா இருக்கியளான்னு கேக்கப் போகுது. பொம்மைப் படம் போடச் சொன்னா பொம்மைப் படம் போடணும். எழவைப் போட்டுக் காட்டிருக்க. அதுக்கு வெளக்கம் வேற!"

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. தலையை ஆட்டினேன். நான் உண்மையைச் சொன்னதாலும் கோபம், பொய் சொன்னதாலும் நஷ்டம். அடுத்த சனிக்கிழமை என்ன படம் எடுத்துக்கொண்டு போவது என்ற யோசனை அந்த நேரத்திலும் ஓடியது. அவளுடைய குரல் ஏறிக்கொண்டே போனது. கையை ஓங்கிக்கொண்டு என் பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

பேச்சி அம்மாவின் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா வையும்மா" என்றாள். "அப்பா தூங்குறாக."